வீணைக்கு எத்தனை நொடி முழக்கம்?

1935-ல் மைசூரு மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி.கோபாலசாமி தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதன் பெயர் ‘ஆகாசவாணி’. வசிக்கிற வீட்டில் மைக்கை வைத்தால் பாட்டோடு சுவரும் சேர்ந்தே பதிவாகும். இன்று அதே ஊரில் மடிக்கணினியும் மைக்குமாக வீணையைப் பதிவு செய்ய உட்காருகிறவருக்கும் இந்தச் சுவர்தான் முதல் சிக்கல். எந்த ரிவர்ப் வாங்கலாம் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

ரிவர்ப் என்பது எதிர்முழக்கம். மலையில் கூவினால் திரும்பி வரும் எதிரொலியைத் தனியாகக் கேட்க முடியும். அறைக்குள் ஆயிரக்கணக்கான எதிரொலிகள் நெருக்கியடித்து வந்து ஒரே வாலாக நீள்கின்றன. அந்த வாலை அளக்கும் வழியைக் கண்டவர் ஹார்வர்டின் வாலஸ் சபைன். 1895-ல் பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீர்செய்யச் சொன்னபோது, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து பரப்பி, ஆர்கன் குழாயின் ஒலி அடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டார். ஒலி 60 டெசிபல் குறைய ஆகும் நேரமே இன்று முழக்க நேரம். அறையின் கன மீட்டரை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் நொடிக்கணக்கு கிடைக்கும்.

பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை, பத்தடி உயரம் என்றால் 34 கன மீட்டர். வெறும் சுவரும் மொசைக் தரையுமாக உறிஞ்சும் பரப்பு 3 சதுர மீட்டர் இருந்தால் முழக்கம் 1.8 நொடி. பஞ்சு மெத்தை, கனத்த திரை, புத்தக அலமாரி எல்லாம் சேர்ந்து அந்தப் பரப்பை 14 ஆக்கினால் 0.4 நொடி. பதிவில் ஒட்டிக்கொண்ட அறையைப் பிறகு உரித்தெடுப்பது பெரும்பாடு. அதனால் மெத்தைக்கே முதல் செலவு.

ஆனால் கண்டதையும் சுவரில் மாட்டாதீர்கள். 1989 பிப்ரவரி 8 அன்று மைசூரு பிரீமியர் ஸ்டுடியோவில், திப்பு சுல்தான் தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பில் மூண்ட தீ 62 உயிர்களைக் கொண்டுபோனது. அங்கே சுவர்களில் இருந்தது கோணிச் சாக்கு. தீப்பிடிக்காத கண்ணாடி இழைப் பலகையோ பாறைக் கம்பளியோ கொஞ்சம் விலை கூடுதல், அவ்வளவுதான்.

இனி ரிவர்ப். 1957-ல் ஜெர்மனியில் வந்த ‘இஎம்டி 140’ கால் டன்னுக்கும் மேல் கனம். உள்ளே ஒரு பெரிய எஃகுத் தகடு தொங்கிக்கொண்டிருக்கும். அதன் சாயல்தான் இன்றைய மென்பொருளில் ‘பிளேட்’. கிட்டார் ஒலிபெருக்கிப் பெட்டிகளில் இருப்பது ஸ்பிரிங். ‘கன்வல்யூஷன்’ வகை இன்னொரு தினுசு: உண்மையான ஒரு கூடத்தில் பலூனை உடைத்து அந்த முழக்கத்தைப் பதிந்துகொண்டால், வீட்டில் வாசித்த வீணையை அந்தக் கூடத்தில் உட்காரவைத்துவிடலாம்.

அப்படியானால் மைசூரு பிலோமினா தேவாலயத்தின் முழக்கத்தையே எடுத்துக்கொண்டால் என்ன? ஆசையாகத்தான் இருக்கிறது. அந்த உயர்ந்த கற்கூடம் சேர்ந்திசைக்குப் பொன். வீணைக்கு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு நான்கு ஸ்வரம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கால் நொடி. இரண்டு நொடி முழக்கத்தில், அடுத்த ஸ்வரம் பிறக்கும்போது முந்தையதன் வால் 7.5 டெசிபல்தான் குறைந்திருக்கும். ரி-யின் மேல் ஸ படிந்து கிடக்கும். 0.8 நொடியில் அதுவே ஏறக்குறைய 19 டெசிபல் குறைந்து, ஸ்வரத்துக்கு வழிவிட்டு விலகி நிற்கும். வீணை சேஷண்ணா, வி.துரைசாமி ஐயங்கார் வழியில் வந்த மைசூர் பாணியோ ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியே மீட்டித் துலங்கவைப்பது. அந்தத் துலக்கத்தை அழிக்கும் ரிவர்ப் எத்தனை விலையானாலும் எனக்கு வேண்டாம்.

ஆகவே வாங்கும்போது கூடங்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். மூன்று திருகிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முழக்க நேரம் ஒன்று. ‘பிரீ-டிலே’ மற்றொன்று: மீட்டொலிக்கும் முழக்கத்துக்கும் நடுவே 20, 30 மில்லிநொடி இடைவெளி விட்டால், மீட்டு முன்னால் தெளிவாக நிற்கும், கூடம் பின்னால் விரியும். மூன்றாவது, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் ரிவர்ப்பை மட்டும் வெட்டும் வசதி. மந்தர தந்தியின் கார்வை குழம்பாமல் இருக்க அது வேண்டும்.

கடையில் சோதிக்க மெல்லிய ஆலாபனையைக் கொண்டுபோகாதீர்கள். எந்த ரிவர்ப்பிலும் அது இனிக்கும். வேகமான தானம் ஒன்றைப் பதிந்து எடுத்துப்போங்கள்.