தான் எங்கே இருக்கிறோம் என்று ட்ரோனுக்கு எப்படித் தெரிகிறது?

ஜிபிஎஸ் இருக்கும்போது ட்ரோன் தானாகப் பறப்பதில் அப்படி என்ன சிரமம் என்று பலருக்கும் தோன்றும். திறந்த வயலில் மருந்து தெளிக்கவோ நிலத்தை அளக்கவோ ஜிபிஎஸ் போதும். கட்டடத்துக்குள் அது எடுபடாது. அடர்ந்த மரங்களுக்கு நடுவே தடுமாறும். திறந்த வெளியில்கூட நம் போனில் உள்ள சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளித்தான் இடத்தைக் காட்டும். ஜன்னல் வழியே நுழைய வேண்டிய ட்ரோனுக்கு அந்தச் சில மீட்டர் சுவரில் மோதப் போதுமானது. அதனால்தான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறார்கள்: வெளியிலிருந்து யாரும் சொல்லாமல், தான் இருக்கும் இடத்தை ட்ரோன் தானே கண்டுபிடிப்பது எப்படி?

இதற்கு நல்ல உதாரணம் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் பல்கலைக்கழகத்தில் டேவிடே ஸ்கரமுஸ்ஸாவின் ஆய்வுக்குழு உருவாக்கிய ‘ஸ்விஃப்ட்’. 2022 ஜூனில், ஜூரிக்கை அடுத்த டியூபென்டார்ஃப் விமான நிலையக் கொட்டகை ஒன்றில் இந்தக் குட்டி ட்ரோன், மூன்று மனிதர்கள் ரிமோட்டில் ஓட்டிய ட்ரோன்களோடு பந்தயம் ஓடியது. மூவருமே பட்டம் வென்ற பந்தய வீரர்கள்: அலெக்ஸ் வனோவர், தாமஸ் பிட்மட்டா, மார்வின் ஷெப்பர். பாதையில் ஏழு சதுர வாயில்கள். அவற்றுள் வரிசை தவறாமல் புகுந்து வர வேண்டும். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் வரை போகும். 25 பந்தயங்களில் ஸ்விஃப்ட் 15-ஐ வென்றது. 2023 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்ததும் ‘மனிதனை வென்றது இயந்திரம்’ என்று உலகெங்கும் தலைப்புச் செய்தி. வெற்றிக் கணக்கைவிட, அது எப்படிப் பார்த்தது, எப்படிக் கற்றது என்பதுதான் எனக்குச் சுவையாகப் பட்டது.

முதலில் பார்வை. ட்ரோனுக்குள் முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் சிறு சில்லு இருக்கிறது. நம் போனிலும் அதுதான். போனைச் சாய்த்தால் திரை திரும்புவது அதன் வேலை. முடுக்கத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடலாம், வேகத்தை வைத்துக் கடந்த தூரத்தைக் கணக்கிடலாம். ஆனால் அளவில் உள்ள சிறு பிழையும் கூடவே பெருகும். மாறாத ஒரு முடுக்கப் பிழை முதல் விநாடியில் உண்டாக்கும் விலகல், பத்தாவது விநாடியில் நூறு மடங்காகிவிடும். இதைக் கட்டுக்குள் வைக்க கேமரா வேண்டும். படத்தில் தெரியும் மூலைகளும் கோடுகளும் அடுத்த படத்தில் எங்கே நகர்ந்தன என்று பார்த்து, ‘நான் இவ்வளவு நகர்ந்திருக்கிறேன்’ என்று ட்ரோன் கணிக்கும். வேகமாகப் பறந்தால் படமே கலங்கும். இந்தக் கணிப்பும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும்.

மின்வெட்டு நேரத்தில் வீட்டுக்குள் அடியை எண்ணி நடக்கிறோம். நிலைக்கதவில் கை பட்டதும் ‘இங்கேதான் இருக்கிறோம்’ என்று சரிசெய்துகொள்கிறோம். ஸ்விஃப்டுக்கு நிலைக்கதவு, அந்தப் பந்தய வாயில்கள்தான். ஒவ்வொரு வாயிலும் எங்கே நிற்கிறது என்பது அதற்கு முன்பே தெரியும். படத்தில் வாயிலின் நான்கு மூலைகளை ஒரு நியூரல் நெட்வொர்க் அடையாளம் காணும். அவை தெரியும் கோணத்திலிருந்து ட்ரோன் தன் இடத்தைக் கணக்கிட்டு, அதுவரை சேர்ந்த பிழையைக் கழித்துவிடும். இவ்வளவும் ட்ரோன் சுமந்து செல்லும் சின்னக் கணினியிலேயே நடக்கிறது.

அடுத்தது கற்றல். எப்படிப் பறக்க வேண்டும் என்று யாரும் விதி எழுதிக் கொடுக்கவில்லை. கணினிக்குள் உருவாக்கிய போலிப் பாதையில் பறக்கவிட்டார்கள். அடுத்த வாயிலை நெருங்கினால் மதிப்பெண், வாயிலைக் கண்பார்வையில் வைத்திருந்தால் மதிப்பெண், மோதினால் அபராதம். நிஜத்தில் 23 நாட்கள் இடைவிடாமல் பறப்பதற்குச் சமமான பயிற்சி ஒரு கணினியில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. கீழே விழுந்தாலும் நஷ்டமில்லை.

ஆனால் போலி உலகில் தேறியது நிஜ உலகில் அப்படியே தேறாது. பாட்டரி இறங்கினால் விசை குறையும். இறக்கைகள் கிளப்பும் காற்று குழப்பும். கேமரா கணிப்பு வழுக்கும். குழு இங்கேதான் சாமர்த்தியம் காட்டியது. நிஜ ட்ரோனைக் கொஞ்ச நேரம் பறக்கவிட்டு, கொட்டகையில் பொருத்திய கேமராக்களால் அதன் உண்மையான இடத்தை அளந்தார்கள். அது நினைத்த இடத்துக்கும் இருந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் போலி உலகிலேயே கலந்து, மறுபடி பயிற்சி கொடுத்தார்கள். பிழையைப் பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று சொல்லலாம். பந்தயத்தின்போது அந்த வெளிக் கேமராக்களின் உதவி அதற்குக் கிடையாது.

ஸ்விஃப்ட் முந்தியது எங்கே? கண்டதற்கும் செய்வதற்கும் இடையே அதற்குச் சுமார் 40 மில்லி விநாடிதான். மனிதருக்கு ஏறக்குறைய 220. மணிக்கு 100 கிலோமீட்டரில் 40 மில்லி விநாடி என்பது ஒரு மீட்டர். 220 என்றால் ஆறு மீட்டர். இறுக்கமான திருப்பங்களில் இந்த வித்தியாசம் பேசியது. போட்டி முழுக்கச் சமம் என்றும் சொல்ல முடியாது: தன் அசைவை உணரும் சில்லு ஸ்விஃப்டுக்கு உண்டு; ட்ரோனின் கேமராப் படத்தைக் காட்டும் கண்ணாடி அணிந்து ரிமோட் பிடித்த வீரருக்குக் கண் மட்டுமே. மறுபுறம், வீரர்களுக்குப் போன கேமராப் படம் ஸ்விஃப்டின் படத்தைவிட நான்கு மடங்கு வேகமாகப் புதுப்பிக்கப்பட்டது.

தோற்ற பத்துப் பந்தயங்களும் பாடம் சொல்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மோதலால் போனவை: ஒன்று எதிராளி மேல், இல்லை வாயில் மேல். இடித்தாலும் சமாளித்துப் பறப்பது வீரருக்குக் கைவந்த கலை. ஸ்விஃப்டுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவே இல்லை. வெளிச்சம் மாறினாலும் அது திணறும்.

பார்க்க எதுவும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் செவ்வாய் கிரகத்தில் ஒரு சாட்சி கிடக்கிறது. நாசாவின் ‘இன்ஜெனுவிட்டி’ ஹெலிகாப்டர் 2021 ஏப்ரலில் முதன்முறை பறந்தது. அங்கே ஜிபிஎஸ் இல்லை. பூமியிலிருந்து சமிக்ஞை போய்ச்சேரவே நிமிடக்கணக்கில் ஆகும் என்பதால் ரிமோட்டுக்கும் வழியில்லை. கீழ்நோக்கிய கருப்பு-வெள்ளைக் கேமராவில் தரையின் கற்களையும் மேடுபள்ளங்களையும் பார்த்துத்தான் தன் வேகத்தைக் கணித்தது. 2024 ஜனவரியில், 72-வது பறத்தலில், கீழே வழவழவென்ற மணல் அலைகள். பிடித்துக்கொள்ள ஒரு அடையாளமும் போதவில்லை. பக்கவாட்டு வேகத்தைத் தவறாகக் கணித்துக் கடுமையாக இறங்கியதில் இறக்கைகள் உடைந்தன. அதோடு அதன் பயணம் முடிந்தது.

பந்தயத்தில் ஆய்வுக்கூடங்கள் மேலும் நகர்ந்துவிட்டன. 2025 ஏப்ரலில் அபுதாபியில் நடந்த போட்டியில், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழுவின் ட்ரோன், முன்னோக்கிய ஒரே கேமராவோடு மனிதச் சாம்பியன்களை வென்றது. அதுவும் தங்கள் சொந்தக் கொட்டகையில் அல்ல, ஏற்பாட்டாளர்கள் அமைத்த பாதையில்.

வாயில்கள் எங்கே என்று முன்பே தெரியாத இடம் வேறு கதை. ஸ்கரமுஸ்ஸாவின் குழுவே 2021-இல் தன் ட்ரோனை வரைபடம் இல்லாத காட்டுக்குள் அனுப்பியது. மரக்கிளைகளுக்கு இடையே அது எட்டிய வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் வரைதான்.