டீத்தூள் சக்கையில் இன்னும் என்ன இருக்கு?



டீக்கடைப் பக்கம் போனால், வடிகட்டித் துணியிலிருந்து உதறிக் கொட்டிய சக்கை குவிந்து கிடக்கும். சாயம் இறங்கிய பிறகு அதில் என்ன இருக்கப் போவுது என்றுதான் நினைப்போம். ஆனால் இருக்கிறது. தேயிலைக்குத் துவர்ப்பைக் கொடுப்பது பாலிஃபீனால் என்கிற பொருள்கள். ஒரு கொதியில் அவை முழுக்க இறங்குவதில்லை. ஒரு பகுதி இலையின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு சக்கையிலேயே தங்கி விடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் சக்கையை உலர்த்தி, தண்ணீரும் எரிசாராயமும் கலந்த கரைசலில் ஊறப்போட்டு இவற்றைப் பிரிக்கிறார்கள். இப்படி எடுத்த சாறு, எண்ணெய் சிக்கு நாற்றம் அடிக்காமல் தடுக்கிறது. காற்றுப் பட்டுக் கெடுவதைத் தடுக்கும் இந்தக் குணம் நம் உடம்புக்குள்ளும் வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி. சோதனைக் குழாய் வேறே, மனுஷன் வயிறு வேறே. வயிற்றுக்குள் போவதில் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேருகிறது. ஆகவே சர்க்கரைக்கு நல்லது என்று யாராவது தேயிலைச் சாற்றுப் பொடியை நீட்டினால், அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திடாதீங்க.

அளவு மீறினால் கெடுதலும் உண்டு. பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரைகளை 2018இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்தது. அதிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்ற பொருளை மாத்திரையாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ சாப்பிட்டால், ஈரல் பாதிப்பின் அறிகுறி தெரியலாம் என்றது.

'அப்போ சக்கையையே இன்னொரு தரம் கொதிக்க வைச்சுக் குடிக்கலாமே' என்பீங்க. ஈரச் சக்கை நம்ம ஊர் வெக்கையில் சீக்கிரமே பூஞ்சாளம் பிடிக்கும். வேண்டாம்.

இன்னொன்று. இந்தத் துவர்ப்புப் பொருள்கள் கீரை, கம்பு, பயறில் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்து, உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ரத்த சோகை உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் சாப்பாட்டோடு டீ குடிக்காமல், ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது.

சக்கையை உலர்த்திச் சாயமேற்றி, புதுத்தூள் என்று விற்கிற ஆட்களும் உண்டு. மையொற்றுத்தாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளிச்சுப் பாருங்க. பிறகு தூளை உதறிவிட்டு, தாளைக் கழுவி வெளிச்சத்தில் பிடியுங்க. கறை திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அது சாயத்தூள். சக்கையை விலைக்குக் கேட்டு வருகிறவனுக்குக் கொடுக்காதீங்க, எருக்குழியில் போடுங்க. பாலும் சர்க்கரையும் சேர்ந்த சக்கையானால் ஒருமுறை அலசிப் போடுங்க, இல்லேன்னா எறும்பு மொய்க்கும்.