உப்புநீரும் உலோகங்காட்டியும்

போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தபோது நகைகளைப் போத்தலில் இட்டுக் காணியிலேயே புதைத்துவிட்டுச் சென்ற குடும்பங்கள் பல. அவற்றை உலோகங்காட்டி கொண்டு தேட விரும்புவோர் முதலில் அக்கருவியின் இயல்பை அறிதல் நன்று.

கடலோரத்திலும் களப்போரத்திலும் சாதாரணக் கருவி வீணாக ஒலிக்கும். உப்புநீர் மின்னைக் கடத்துவதே காரணம். அங்கு ஏற்றது துடிப்பு முறைக் கருவி. அதன் கம்பிச்சுருளில் மின்னோட்டம் ஒரு கணம் பாய்ந்து, சட்டென நிறுத்தப்படும். அப்போது மண்ணிலுள்ள உலோகத்தில் சிறு மின்னோட்டம் தோன்றி மெல்ல அடங்கும். உப்புநீரில் தோன்றுவதோ, ஒரு செக்கனின் 10 இலட்சத்தில் சில பங்குக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆகவே கருவி சற்றுத் தாமதித்தே செவிகொடுக்கிறது.

குறையும் இங்கேதான் உள்ளது. மெல்லிய சங்கிலி, சிறு ஊசி ஆகியவற்றின் மின்னோட்டமும் விரைவில் அடங்கும். தாமதம் கூடினால் அவையும் தப்பிவிடும். பிளாஸ்டிக் உறையுள்ள சில மிதிவெடிகளில் இருப்பதும் இத்தகைய சிறு உலோகத்துண்டே. எனவே கருவி ஒலிக்கவில்லை என்பதற்காக நிலம் பாதுகாப்பானது என்று கொள்ளலாகாது. இலங்கையில் மிதிவெடி அகற்றுவோர் பல இடங்களில் கருவியை மட்டும் நம்பாது, விறாண்டியால் மண்ணைப் படிப்படியாக வாரிப் பார்த்ததும் இதனாலேயே.

இரவல் கருவியுடன் காணிக்குள் இறங்காதீர்கள். மிதிவெடி அகற்றப்பட்டு, காணி முறைப்படி கையளிக்கப்படும்வரை பொறுத்திருங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வந்த தடத்திலேயே திரும்பிக் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

பொன் மண்ணில் துருப்பிடிக்காது. அது காத்திருக்கும்.