புத்தகத்தை மூடினால்தான் படிப்பு

பரீட்சைக் காலத்தில் கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் ஏறினால், மடியில் உயிரியல் புத்தகத்தோடு ஒரு பிள்ளையாவது இருக்கும். மஞ்சள் மார்க்கர் தீட்டிய வரிகளையே நாலாவது தடவையாக வாசிக்கும். தெரிந்த முகம், பெயர்தான் வரவில்லை என்போமே, அந்தக் கதைதான். கண்ணுக்குப் பழகிவிட்டது, கேட்டால் வராது.

ஏன்? நினைவைத் தேடி வெளியே இழுக்கும்போதுதான் அது உறுதிப்படுகிறது. அமெரிக்காவில் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது. திரும்பப் படித்தவர்களுக்கு 42.

எப்படி? பக்கத்துப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, வெண்கண்டல் மரத்தின் சுவாச வேரை வரையுங்கள். சேற்றுக்கு மேலே பென்சில் போல நிமிர்ந்த வேர், அதில் காற்று நுழையும் நுண்துளைகள். மண்ணுக்குள் போக வேண்டிய வேர் மேலே ஏன் வந்தது? சேற்றில் ஆக்சிஜன் அரிது. இப்போது புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். மூன்று நாள் கழித்து அதே படம், புதுத் தாளில். சுரபுன்னையின் வளைந்திறங்கும் முட்டு வேரை இதோடு குழப்புவீர்கள். நானும் குழப்பியவன்தான்.