போட்டோஷாப்பில் டூல்பாக்ஸைக் காணோமா? பதற வேண்டாம்!

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு இரண்டு நாட்கள் இருந்தன. அவருடைய பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்து, அடோபி போட்டோஷாப்பில் சரிசெய்து கொண்டிருந்தேன். முகத்தின் குறுக்கே ஓடிய கிழிசலை மறைக்கவே மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. இரவு பதினொரு மணிக்கு ஏதோ ஒரு கீயில் கை பட்டது. டூல்பாக்ஸ், லேயர்ஸ் எல்லாம் மாயம்! படம் மட்டும் தனியாக நின்றது.

தெரிந்த ஒருவருக்குப் போன் செய்தேன். "சாஃப்ட்வேர் கெட்டுப்போயிருக்கும் சார். எடுத்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்க" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. படத்தை நான் இன்னும் சேவ் செய்யவில்லை! நல்லவேளை, அவர் சொன்னதைச் செய்யவில்லை. சாஃப்ட்வேருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கை பட்டது டேப் கீயில், அவ்வளவுதான்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் கீழ்க்கண்ட வரிசையில் செய்து பாருங்கள்.

முதல் வேலை: கன்ட்ரோல் + எஸ் அழுத்திப் படத்தைச் சேவ் செய்யவும். பி.எஸ்.டி. வடிவில் சேவ் செய்தால் லேயர்கள் அப்படியே இருக்கும்.

எல்லாமே மறைந்துவிட்டதா? டேப் கீயை ஒருமுறை அழுத்தவும். எல்லாம் திரும்ப வரும். மெனுவும் சேர்ந்து மறைந்திருந்தால் எஃப் கீயில் கை பட்டிருக்கும். திரை முழுத்திரைக்கு மாறியிருக்கும். எஸ்கேப் கீயை அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஒன்று மட்டும் காணவில்லையா? விண்டோ மெனுவைத் திறக்கவும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லேயர்ஸ் எல்லாம் அங்கே இருக்கும். வேண்டியதைக் கிளிக் செய்யவும். லேயர்ஸுக்கு எஃப்7 கீயே போதும்.

எல்லாம் சிதறிக் கிடக்கிறதா? விண்டோ மெனுவில் வொர்க்ஸ்பேஸ் சென்று, ரீசெட் எசென்ஷியல்ஸ் என்பதைக் கிளிக் செய்யவும். 2010-ல் வந்த சி.எஸ்.5 முதல், நீங்கள் கலைத்துப் போட்டதையும் போட்டோஷாப் நினைவில் வைத்துக்கொள்கிறது. அதனால் எசென்ஷியல்ஸ் என்பதை மட்டும் தேர்வு செய்தால் போதாது. ரீசெட் செய்ய வேண்டும். 2002-ல் வந்த 7.0 போன்ற பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள், அதே இடத்தில் ரீசெட் பேலட் லொகேஷன்ஸ் என்பதைத் தேடவும்.

எதுவுமே பலிக்கவில்லையா? போட்டோஷாப்பை மூடிவிட்டு, மீண்டும் திறக்கும்போதே கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கவும். அமைப்புகளை அழிக்கலாமா என்று கேட்கும். யெஸ் கொடுத்தால் புதிதாக இன்ஸ்டால் செய்ததுபோல் திறக்கும். ஆனால் நீங்கள் மாற்றி வைத்த அமைப்புகள் போய்விடும். ஆகவே இது கடைசி வழியாக மட்டுமே இருக்கட்டும். நீங்கள் உருவாக்கிய பிரஷ், ஆக்ஷன்களை முன்கூட்டியே தனியாகச் சேவ் செய்து வைப்பது நல்லது.

இலவச மென்பொருளான கிம்ப் பயன்படுத்துபவர்களுக்கும் டேப் கீ இதே வேலையைச் செய்யும். ஜன்னல்கள் தனித்தனியாகப் பிரிந்து கிடந்தால், விண்டோஸ் மெனுவில் சிங்கிள் விண்டோ மோட் என்பதை டிக் செய்யவும். 2012-ல் வந்த 2.8 பதிப்பு முதல் இந்த வசதி உண்டு.

எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே விண்டோ, வொர்க்ஸ்பேஸ், நியூ வொர்க்ஸ்பேஸ் சென்று, உங்களுக்குப் பிடித்த அமைப்பை ஒரு பெயரில் சேவ் செய்துகொள்ளுங்கள். நான் 'வீடு' என்று பெயர் வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் பேரன் வந்து கலைத்துவிட்டுப் போனாலும் 'வீடு' அமைப்பை ரீசெட் செய்ய இரண்டு நொடிதான்.

அப்பாவின் படம் நினைவு நாளன்று காலை மாலையுடன் கூடத்தில் இருந்தது. கிழிசல் எங்கே இருந்தது என்று அம்மாவுக்கே தெரியவில்லை.