தொட்டித் தண்ணீரை மாத்தினதும் மீன் செத்துப்போகுதா? காரணம் இதுதான்!

கொளத்தூர் மார்க்கெட்ல ஆசை ஆசையா நாலு கோல்டு ஃபிஷ் வாங்கிட்டு வர்றோம். தண்ணீர் லேசா கலங்கினதும், 'சுத்தமா இருக்கட்டுமே'னு மொத்தத்தையும் கொட்டிட்டு, குழாயில் புதுசா பிடிச்சு ஊத்துறோம். மறுநாள் காலையில் மீன் மிதக்குது. சுத்தம்தானே செஞ்சோம், அப்புறம் ஏன்?

மீன் மூச்சு விடுவது, உப்புச்சத்தை எடுப்பது, கழிவான அமோனியாவை வெளியேற்றுவது எல்லாமே பெரும்பாலும் செவுள் வழியாகத்தான். தண்ணீர் மாறினால் முதல் அடி செவுளுக்குத்தான்.

குளோரின்: குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரின், செவுளின் மெல்லிய திசுவை அரித்துவிடும். சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தாலும் மீனால் அதை எடுக்க முடியாது.

சூடு: 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். ஆனா, சூடு ஏற ஏற மீனுக்கு ஆக்சிஜன் தேவை அதிகமாகும். மதியம் மொட்டைமாடி டேங்க்ல கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றினால் என்ன ஆகும்னு யோசிங்க!

அமோனியா: இதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுபவை, ஃபில்டர் ஸ்பாஞ்சில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கசக்கிக் கழுவினால் அவையும் காலி. அமோனியா தேங்கிடும்.

மீன் காட்டும் சிக்னல்

மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதா? ஆக்சிஜன் போதவில்லை அல்லது செவுள் பாதிக்கப்பட்டிருக்கலாம். (ஃபைட்டர், கௌராமி மீன்கள் நேரடியாகக் காற்றையும் சுவாசிக்கும். அவை அவ்வப்போது மேலே வருவது சகஜம்.) துடுப்பை ஒடுக்கிக்கிட்டு மூலையில் நிற்பது, சாப்பாட்டைத் தொடாமல் இருப்பது, நிறம் மங்குவது, கல்லில் உடம்பைத் தேய்ப்பது... எல்லாமே 'ஏதோ சரியில்லை' என்பதன் அறிகுறிகள்.

என்ன செய்யணும்?

* வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள்.
* குழாய்த் தண்ணீரில் மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டுகளை, பாட்டிலில் சொன்ன அளவில் கலந்த பிறகே ஊற்றுங்கள்.
* புதுத் தண்ணீரின் சூடும் தொட்டியின் சூடும் ஒன்றாக இருக்கட்டும்.
* ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள்.
* புதுத் தொட்டியில் நல்ல பாக்டீரியா பெருக சில வாரங்கள் ஆகும். அதுவரை மீனும் கம்மி, தீனியும் கம்மி.

நம்ம கண்ணுக்குப் பளிச்னு தெரிகிற தண்ணீரைவிட, பழகின தண்ணீர்தான் மீனுக்குப் பாதுகாப்பு. மாற்றம் மெதுவா வந்தால் அது சமாளிச்சுக்கும்.