எண்ணெயிலும் மருந்திலும் ஒரே வளையம்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மக்கள் மல்லாட்டை என்றும் மணிலா என்றும் அழைக்கும் நிலக்கடலையை ஆட்டினால் கிடைக்கும் எண்ணெயில் வைட்டமின் ஈ எனப்படும் டோகோஃபெரால் உண்டு. அதன் தலைப்பகுதியில் ஐந்து கார்பன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் கைகோத்து நிற்கும் ஆறணு வளையம் ஒன்று பென்சீன் வளையத்தோடு ஒட்டியிருக்கிறது. இவ்வகை வளையங்களுக்கெல்லாம் தாய் வடிவம் பைரான். இரண்டு இரட்டைப் பிணைப்புகளைக் கொண்ட அந்தத் தாய் வடிவம் தனித்து நின்றால் காற்றிலேயே சிதைந்துவிடும் என்பதால், 4எச்-பைரானை 1962ஆம் ஆண்டில்தான் பிரித்தெடுக்க முடிந்தது. ஆனால் பெரிய மூலக்கூறுகளின் உறுப்பாகிவிட்டால் அது நிலைத்து நிற்பதோடு மருந்தின் உயிர்நாடியாகவும் அமைகிறது.

இதற்குத் தலைசிறந்த சான்று காம்ப்டோதெசின் என்னும் புற்றுநோய் எதிர்ப்புச் சேர்மம். அமெரிக்காவில் வேதியியலாளர் மன்ரோ வாலும் இந்தியாவில் பிறந்த மன்சுக் வானியும் சீனத்து மரம் ஒன்றிலிருந்து கண்டறிந்து 1966இல் அறிவித்த இச்சேர்மம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மாப்பியா ஃபீட்டிடா மரத்தில் மேலும் மிகுதியாகக் கிடைப்பதை, சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்து பின்னர் மும்பையின் சீபா ஆராய்ச்சி மையத்தை வழிநடத்திய டி. ஆர். கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும் 1972இல் வெளியிட்டனர். தமிழ்நாட்டு வேதியியல் வகுப்பறைகளில் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டிய செய்தி இது. செல் பெருகும்போது டி.என்.ஏ. இழையின் முறுக்கைத் தளர்த்துவதற்காக டோபோஐசோமரேஸ்-1 என்னும் நொதி ஓர் இழையை வெட்டி மீண்டும் ஒட்டுகிறது. வெட்டுக்கும் ஒட்டுக்கும் இடையில் காம்ப்டோதெசின் புகுந்து தடுப்பதால், வேகமாகப் பெருகும் புற்றுச்செல் மடிகிறது. அவ்வாறு தடுக்க, அதன் பைரான் வகை லாக்டோன் வளையம், அதாவது அமிலமும் ஆல்கஹாலும் உள்ளுக்குள்ளேயே இணைந்து உருவான வளையம், மூடியிருக்க வேண்டும். நீரில் கரைவதற்காக அவ்வளையத்தைத் திறந்து உப்பாக்கிக் கொடுத்த தொடக்ககாலச் சோதனைகளில் பயன் குறைந்து, சிறுநீர்ப்பை புண்படும் அளவுக்கு நச்சு மிகுந்ததால் அம்முயற்சி கைவிடப்பட்டது. வளையத்தைக் காத்து, வேறு இடத்தில் கரைதிறனைச் சேர்த்த டோபோடெகானும் இரினோடெகானும் 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

ஆல்டிஹைடு, மலோனோநைட்ரைல், நாஃப்தால் ஆகிய மூன்றையும் ஒரே குடுவையில் வினைபுரியச் செய்து புதிய பைரான் சேர்மங்களை ஆக்குவது இன்று கல்லூரி ஆய்வகத்துக்கும் எட்டிய வேலை. திண்டிவனம், விழுப்புரம் அரசு கலைக் கல்லூரி மாணவர்களுக்கு இது மிகச் சிறந்த பயிற்சியாகும். எனினும் இப்படி ஆக்கிய சேர்மம் கண்ணாடித் தட்டில் புற்றுச்செல்லைக் கொன்றுவிட்டாலே மருந்தாகிவிடுவதில்லை.

வளையம் ஒன்றென்பதால் பண்பும் ஒன்றாகிவிடாது. முப்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த செலக்ட் என்னும் புற்றுநோய்த் தடுப்பு ஆய்வின் 2011ஆம் ஆண்டு அறிக்கையின்படி, வைட்டமின் ஈ மாத்திரையை மட்டும் உண்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் குறையவில்லை, 17 விழுக்காடு கூடியிருந்தது. ஆகவே மல்லாட்டை எண்ணெயை உணவாகவே கொள்க. உடலில் கட்டி தென்பட்டால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ காலந்தாழ்த்தாமல் செல்க.